ஆடித் தள்ளுபடியில் ஒரு மரப்பொந்து

ஒரு காட்டில் பொந்துகள் நிறைய இருந்தன. பொந்தில்லாத விலங்குகளும் அதே அளவு இருந்தன. அதெப்படி என்று கேட்கக் கூடாது. உங்கள் ஊரில் எப்படியோ, அங்கேயும் அப்படித்தான்.

அந்தக் காட்டில் வேலப்பன் என்ற அணிலும் அவன் மனைவி தங்கப்பூவும் ஓர் ஆந்தையின் பொந்தில் வாடகைக்கு இருந்தார்கள். தங்கப்பூ நிறைமாதம். ஒரு நாள் விடிந்ததும் ஆந்தை தூங்கப் போகும் முன் வந்து நின்றது.

"பகல்ல குட்டிங்க கத்துனா எனக்கு ஆகாது. குட்டி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிடுங்க."

வேலப்பனுக்கு ரத்தம் கொதித்தது. அவன் சாதாரண அணில் இல்லை. பொந்து விலைக் குறைப்புச் சங்கத்தின் தலைவன். சிங்கத்திடம் ஏழு மனு கொடுத்திருந்தான். ஏழும் பரிசீலனையில் இருந்தன, அதாவது சிங்கம் அவற்றின் மேல் படுத்துத் தூங்கியது.

அந்தச் சமயம் பார்த்து வெளிக்காட்டிலிருந்து ஒரு மரங்கொத்தி வந்தது. ஒரே ஆலமரத்தில் முப்பது பொந்துகளைக் கொத்தி முடித்து, 'ஒரு பொந்து நூறு முந்திரிக்கொட்டை' என்று பலகை மாட்டியது. மாட்டிய நாள் ஆடி முதல் தேதி. பாவம், அதன் காட்டில் ஆடி மாதமே கிடையாது.

ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்? இதை யாராவது அதனிடம் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. மரங்கொத்தி பயந்துபோய் எண்பது என்றது, பிறகு அறுபது என்றது. விலை இறங்க இறங்க, ஆடி முடிந்ததும் வாங்கலாம் என்று இருந்தவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

"இவ்ளோ சல்லிசா குடுக்குறான்னா மரத்துல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றது முயல். முயலுக்கு மரமேறத் தெரியாது; ஆனாலும் காடே அதை நம்பியது.

ஆடி இருபத்தெட்டாம் தேதி விலை முப்பதுக்கு வந்தது.

"போய் அட்வான்ஸ் குடுத்துட்டு வாங்க" என்றாள் தங்கப்பூ.

"ஆடியிலயா? நாலு நாள் பொறு. இன்னும் இறங்கும்."

"விலை இறங்குறதுக்கு முன்னாடி உங்க புள்ளைங்க இறங்கிடும்!"

வேலப்பன் ஓடிப்போய் முப்பது கொட்டையையும் கொடுத்துவிட்டு வந்தான். ஆவணி முதல் தேதி, நல்ல நேரத்தில், எருமையிடம் கேட்டு வாங்கிய பாலைப் புதுப் பொந்தில் அடுப்பேற்றினார்கள். பால் இன்னும் பொங்கவில்லை. அதற்குள் சங்கச் செயலாளர் மாடசாமி, அவனும் அணில்தான், மனைவியோடு வாசலில் வந்து நின்றான். அவளும் நிறைமாதம்.

"தலைவரே, ரொம்ப சந்தோஷம்! பக்கத்துப் பொந்த எங்களுக்கு இருபத்தஞ்சுக்கே தர்றாராம். எல்லாம் நம்ம சங்கத்தோட போராட்டம்தான்."

வேலப்பன் முகம் சுண்டிப்போனது. "இருபத்தஞ்சா? அப்ப என் பொந்து என்ன விலைக்குப் போகும்?"

"நீங்க விக்கப் போறீங்களா?"

"விக்கிறதா முக்கியம்? விலை முக்கியம்யா!"

நாலே தாவலில் மரங்கொத்தியிடம் போய்விட்டான். "ஐயா, உங்க பொந்துல ஒரு குறையும் இல்ல. போன மாசம் ஆடி. எங்க ஊர்ல எவனும் ஆடியில வீடு வாங்க மாட்டான். இன்னைக்கு ஆவணி பொறந்தாச்சு. ஏத்துங்க விலைய!"

மரங்கொத்தி கண்ணீர் விட்டு நன்றி சொன்னது. பிறகு பலகையில் நூற்றிருபது என்று எழுதியது.

மாடசாமியின் மனைவி அப்படியே கிளையில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வேலப்பனுக்கும் மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாத மாடசாமி, நான் இருக்கேன். எங்க பொந்துல பின்னறை சும்மாதான் கெடக்கு. வாடகைக்கு எடுத்துக்க. ஆனா ஒண்ணு, குட்டி பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிடணும்."

தங்கப்பூ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆந்தை மாதிரியே பேசுறீங்க."

"அதுவும் சொந்தப் பொந்து வச்சிருக்குல்ல? அதோட கஷ்டம் எனக்கு இன்னைக்குத்தான் புரியுது" என்றான் வேலப்பன்.

உள்ளே பால் பொங்கி வழிந்தது.

நீதி: வீட்டு விலை இறங்கத்தான் வேண்டும், நம் வீட்டில் பால் காய்ச்சும்வரை.