டேப்லெட்டுக்குச் சந்தனம் வைத்த வீட்டிலிருந்து

கோவிலம்பாக்கம்,
புரட்டாசி 25.

மதிப்புக்குரிய தலைமைப் பயிற்சியாளர் சுந்தரராமன் சார் அவர்களுக்கு, ஹார்டுவேர் கடை கோதண்டம் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்களிடம் விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளும், அந்தச் சின்ன விமானங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே கடை நலம், வீடு நலம், என் முழங்கால் மட்டும் கொஞ்சம் பேஜார். அதைப் பற்றி எழுத வரவில்லை.

என் மகள் துர்காவை ஒரு மாதத்துக்குப் பறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். விஜயதசமி அன்று தனியாகப் போனவளுக்கு நடுவானத்தில் டேப்லெட் அணைந்துவிட்டது, பையில் வழி பார்க்கிற காகித வரைபடம், அந்த சார்ட்டும் இல்லை, இது அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான் சார், நான் தங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு மாதம் நிறுத்தியிருப்பேன். ஆனால் வரும் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி அவளுக்கு லைசென்ஸ் தேர்வு. அதை விட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். செய்யாத தப்புக்கு என் பெண் ஆறு மாதம் உட்காருவதா என்று மனசு கேட்கவில்லை. செய்தது யார் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் வீட்டம்மா அங்காளம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துர்கா பறக்கக் கற்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது, இந்த விஜயதசமி வரைக்கும் இவள் ஒரு நாள்கூடத் தங்கள் மைதானத்துக்கு வந்ததில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் வீட்டுக்கு மேலே போனாலே உள்ளே போய்விடுவாள். துர்கா அந்தப் பெரிய சார்ட்டை ஹாலில் விரித்துப் பென்சிலால் கோடு போடும்போதெல்லாம் எங்கள் யாருக்கும் நடக்க வழி இருக்காது, இவள் சுவரோரமாகவே நடந்து சமையலறைக்குப் போவாள். போகும்போது, இந்தக் காகிதத்தை நம்பியா போகிறாய், காற்றடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே போவாள். அப்புறம் ஆகஸ்டில் நீங்கள் காகிதத்தை விட்டு டேப்லெட்டுக்கு மாறினீர்கள். துர்கா அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். திரையில் சின்னதாக ஒரு விமானம், அதற்கு முன்னால் ஊதாக் கோடு, தடம் மாறினால் அதுவே சொல்லிவிடும், தாம்பரம் விமானப்படை வானத்துப் பக்கம் போனால் சிவப்பாகக் காட்டும். என் வீட்டம்மா அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள் சார், ரொம்ப நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த டேப்லெட்டுக்கு எங்கள் வீட்டில் தனி டவல், தனி இடம். என் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

அதே சமயம் நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சார்ட்டுகளில் ஒரு கட்டை துர்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கனமான, கிழியாத காகிதம். நான் அதில் ஆணியும் கீலும் பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் இந்த இரண்டு மாதத்தில் புது வீடு கட்டியவர்கள் பாதிப் பேர் பாண்டிச்சேரி கடற்கரையில் சுற்றித்தான் ஆணி வாங்கிப் போனார்கள். என் மச்சான் துளசிங்கம் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதில் கோவிலம்பாக்கமே இல்லை, நம்ம ஊரை எடுத்துவிட்டார்கள் என்று கடைக்கே சண்டைக்கு வந்தான். பால்பாயின்ட் பேனாவால் நானே ஊரை எழுதிக் கொடுத்த பிறகுதான் போனான்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. கடைத் தராசு, ஸ்பேனர், டிரில்லிங் மிஷின் எல்லாம் வழக்கம்போல வரிசையாக வைத்தேன். நடுவில் என் வீட்டம்மா டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அது கரன்ட் சாமான், அதற்கெல்லாம் வேண்டாம் என்றேன்.

"ஸ்பேனருக்குப் பொட்டு வெக்கற. என் புள்ளைக்கு வழி காட்றது இதுதானே, இதுக்கு வெக்கலன்னா எப்டி?" என்றாள்.

நான் ஸ்பேனரை நகர்த்தி இடம் விட்டேன் சார். திரையில் வைத்தால் மறைக்கும் என்று அவளுக்கே தோன்றியது, அதனால் ஓரமாக, கீழே, ஒரு சின்ன ஓட்டை இருக்கிற இடத்தில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் நன்றாக அப்பிக் குங்குமம் வைத்தாள். அதுதான் சார்ஜ் போடுகிற ஓட்டை. சரஸ்வதிக்கும் அன்றுதானே பூஜை, புத்தகம் எல்லாம் வைக்க வேண்டும் என்று துர்காவின் பையிலிருந்த காகித சார்ட்டையும் எடுத்து வைத்தாள். டேப்லெட் வந்தாலும் ஒரு வருஷத்துக்குக் காகிதத்தையும் பையில் வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சட்டம் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்த சார்ட். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டுகிற வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே டேப்லெட் சார்ஜ் இல்லாமலேயே இரவு முழுக்கச் சாமியோடு இருந்தது. காலையில் துர்கா சார்ஜரைச் செருகியிருக்கிறாள். காய்ந்த சந்தனத்தில் அது எங்கே ஏறும்?

இனி என் பங்கு. அன்று காலை தங்களுக்குப் பொரி கடலை கொடுத்து அனுப்ப நினைத்தேன். பூஜை மணையில் மடித்த சார்ட் ஒன்று இருந்தது. கடைக்காரன் கை சார், யோசிக்காது. பழைய சார்ட்டுக் கட்டிலிருந்து வந்ததுதான் என்று எடுத்துக் கூம்பாகச் சுருட்டிப் பொரியைக் கொட்டி மடித்துவிட்டேன். ஆக, துர்கா மேலே பையைத் துழாவியபோது அவள் தேடிய சார்ட் தங்கள் மேஜைமேல் தங்கள் பொரியைச் சுற்றிக்கொண்டு இருந்தது. நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் குப்பையில் போட்டிருப்பீர்கள், போட்டால் தப்பில்லை.

அன்று என் வீட்டம்மாவும் வந்தாள், முதல் தடவையாக. விஜயதசமி நல்ல நாள், டேப்லெட்டுக்குப் பூஜையும் ஆயிற்று, இனி எனக்கென்ன பயம் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். விமானச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளாமல், வேலிக்கு வெளியே வைக்கலாம் என்று சொன்னீர்களே, அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்க மாட்டோம். விமானம் கண்ணுக்கு மறைகிற வரை அவள் கைகூப்பிக்கொண்டே நின்றாள்.

இருபது நிமிஷத்தில் டேப்லெட் அணைந்திருக்கிறது. உடனே ரேடியோவில் தங்களிடம் சொல்லிவிட்டு, கீழே மதுராந்தகம் ஏரியைப் பார்த்து, ஏரியை விட்டு ரயில் தண்டவாளத்தைப் பிடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டின்மேல் பஸ் மாதிரி வந்து இறங்கிவிட்டாள். கீழே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. போன பெண் இவ்வளவு சீக்கிரம் வருகிறாளே, டேப்லெட் குறுக்கு வழி காட்டியிருக்கும் என்று என் வீட்டம்மா வாட்ச்மேனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் துர்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, சார்ஜ் போட மறந்துவிட்டேன், சார்ட் எடுக்க மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்தாநாள் நான் டேப்லெட்டை மேடவாக்கத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன், அவர் ஊசியால் நோண்டி எடுத்து மோந்து பார்த்து, எந்தக் கோயில் சந்தனம் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அங்காளம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் தைரியமில்லை.

ஆகவே சார், என் பெண்மேல் ஒரு தப்பும் கிடையாது. அவளுக்கு எதுவுமே தெரியாது. தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள். நான் இதுவரை பறந்ததில்லை என்பதால் என்னைப் பறக்கவிடாமல் நிறுத்த முடியாது, மைதானத்துக்குள் விடாமல் நிறுத்துங்கள். துர்காவின் தடையை மட்டும் நீக்கி இருபத்தெட்டாம் தேதி தேர்வுக்கு அனுப்பி வைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் விமானங்கள் ஏறிய எண்ணிக்கைக்கு ஒன்றும் குறையாமல் இறங்க வேண்டும், தங்கள் இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
கோதண்டம்.

பி.கு.: உறையில் போடுவதற்குள் துர்கா வந்து இதை வாங்கிப் படித்துவிட்டாள். பொரிப் பொட்டலம் வந்த இடத்தில் சிரித்தாள். கடைசிப் பத்தியில் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ப்பா. பதினொரு பர்சென்ட்தான் இருந்துச்சு, பாத்துட்டுத்தான் ஏறினேன். சார்ட் இருக்கான்னு பையையும் தெறந்து பாக்கல. அம்மா மொத தடவ வந்து நிக்கறாங்க. சார்ஜ் இல்ல, இன்னிக்குப் போகலன்னு சொன்னா ஏன் இல்லன்னு கேப்பாங்க. சந்தனத்தாலன்னு சொன்னா அப்புறம் வரவே மாட்டாங்க. அதுக்காக ஏறிட்டேன். ஏறியிருக்கக் கூடாது," என்றாள்.

இவள் அம்மாவின் முகத்துக்காகப் பதினொரு பர்சென்ட்டோடு மேலே போயிருக்கிறாள், நான் கீழே நின்று பொரி தின்றுகொண்டிருந்தேன். அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், நான் சாரிடம் பொய் சொல்லியிருக்கிறேன், இதையும் சேர்த்து எழுதி அனுப்பு என்கிறாள். ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தடை இருக்கட்டும். தேர்வு ஆறு மாதம் கழித்தே வரட்டும், போதாது என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று சார். தடை விஷயம் தெரியாமல், மறுபடி வழியனுப்ப எப்போது வரலாம் என்று அங்காளம்மாள் தினமும் கேட்கிறாள், தங்கள் நம்பரையும் என்னிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறாள். போன் செய்தால் தயவுசெய்து ஐப்பசி மழை என்று சொல்லிவிடுங்கள்.