இடது கதவில் கைப்பிடி கிடையாது

"தொழில்காரனிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவான்" என்று சொல்லி, அதே வேலையைத் தாமே கெடுத்துக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். இவர்களுக்கு மூளையும் கூர்மை, உளியும் கூர்மை. நடுவில் இருக்கும் கைதான் கொஞ்சம் மழுங்கல். வேலை சரியாக வந்தால், "பாத்தீரா?" என்பார்கள். தப்பாக வந்தால்? வரவே வராது. நீங்கள் தப்பு என்று நினைப்பது, அவர்கள் யோசித்து வைத்ததாக இருக்கும்.

மாதிரிக்கு இலஞ்சி தில்லைநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி ஆலைக்காரர். ஐம்பத்தேழாம் வருஷம் அவரிடம் ஒரு கார் இருந்தது, எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போனது, இரண்டே கதவு. சாரல் என்றால் ஊருக்கெல்லாம் குளிர்ச்சி, கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் அட்டைக்கு மட்டும் எமன். பல சாரல்களைத் தாங்கிய அந்த அட்டைகள் அந்த வருஷம் ஆனியில் ஊறி, உப்பி, உட்காருகிறவர் வேட்டியில் பிய்ந்து பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்தன.

வேறு சமயமாக இருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை வீரகேரளம்புதூரிலிருந்து ஆவுடையப்ப பிள்ளை மனைவியோடு வருகிறார், மகனுக்குப் பெண் பார்க்க. பெண், நம் பிள்ளையின் மகள் குழல்வாய்மொழி. வருகிறவர்களைத் தென்காசியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, குற்றாலத்தில் குளிக்கவைத்து, இலஞ்சியில் சாப்பாடு போட வேண்டும். ஆவுடையப்ப பிள்ளையோ மரியாதையைத் தராசில் நிறுத்து வாங்குகிறவர். முந்தின மாதம் அச்சன்புதூரில் பெண்ணின் தகப்பனார் வாசலுக்கு வராமல் கூடத்தில் நின்றபடியே "வாங்க" என்றாராம். இவர் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

கோமதியம்மாள் கணவரிடம் சொல்லிப் பார்த்தாள். "ஹபீபுல்லா பாய்ட்ட விட்டா ரெண்டு நாள்ல முடிச்சித் தந்துருவாரு. நம்ம பிள்ளை காரியம்லா?"

"அவருக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருசமா காருக்கு சீட்டுத் தைக்காரு."

"முப்பது வருசம் ஒரே தப்பைச் செஞ்சா அது அனுபவமாட்டீ?"

பிள்ளை வேலையில் இறங்கினார். கைப்பிடிகளைக் கழற்றினார். பழைய தேயிலைப் பெட்டியை உடைத்துப் பலகை எடுத்தார். வலது கதவின்மேல் காகிதத்தை விரித்து அளவெடுத்தார். அளந்ததை மறுபடி அளந்தார். அந்த அளவு சரிதானா என்று மூன்றாம் தடவை அளந்தார். இந்த இனம் அளவில் தவறியதே கிடையாது. காகிதத்தைப் பலகைமேல் வைத்து, ஒன்றுக்கு இரண்டாக, மயிரிழை பிசகாமல் வெட்டி, கைப்பிடிகளுக்கு ஓட்டை போட்டு, இரண்டுக்கும் பச்சை ரெக்ஸின் ஒட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் வெயிலில்லாத முற்றத்தில் காயவைத்தார். அடிப்பதற்கு ஆணி கொண்டுவந்த ஹபீபுல்லா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டுமே வலது கால் செருப்பால்லா இருக்கு?"

பிள்ளை ஒன்றை எடுத்து இடது கதவில் வைத்தார். வெளியே வரவேண்டிய கைப்பிடித் தண்டுகள் முன்பக்கம், ஓட்டைகள் பின்பக்கம். திருப்பி வைத்தால் ரெக்ஸின் உள்ளே போய், தேயிலைக் கம்பெனி முத்திரை வெளியே வந்தது.

"நாளைக்குப் பொழுது விடியக்குள்ள வேற ஒண்ணு செஞ்சு தாரேன் அண்ணாச்சி."

"எதுக்குவே? ஏறும்போது வெளியே இருந்துதானே திறக்கப் போறோம்?"

"இறங்கும்போது?"

"இறங்கும்போது பாத்துக்கிடலாம்."

தண்டுகள் பலகைக்குப் பின்னால் போக, ஓட்டைகளை மறைத்து ஒரு பை தைத்து, ஆணி அடித்து முடித்தார். கண்ணாடியை இறக்கும் பிடியும் அதோடு போயிற்று. சாரலுக்காக ஏற்றிய கண்ணாடி ஏற்றியபடியே நின்றது.

வெள்ளிக்கிழமை ஆவுடையப்ப பிள்ளை முன்னால், இடது பக்கம் அமர்ந்தார். அவர் மனைவி பின்னால். அருவிக்கரையில் வண்டி நின்றது. அவர் கை கதவைத் தேடியது. மேலே தடவியது, கீழே தடவியது, பைக்குள் நுழைந்து வெறுங்கையாக வந்தது.

"கைப்பிடி எங்கன வச்சிருக்கீய?"

குழல்வாய்மொழியின் கல்யாணம் அந்தக் கணத்தில் ஒரு முழ ரெக்ஸினில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த பிள்ளை கீழே குதித்தார். சேற்றில் சறுக்கி, வண்டியைச் சுற்றி ஓடி, தோள் துண்டு இடுப்புக்கு வர, வெளியிலிருந்து கதவைத் திறந்தார்.

"நீங்க கை வைக்கலாமா? நான் எதுக்கு இருக்கேன்?"

திரும்பும்போது இலஞ்சிக் கோயில் வாசலில் ஒரு ஓட்டம். வீட்டு வாசலில் ஒரு ஓட்டம். சாயங்காலம் பஸ் ஏற்ற வந்தபோது ஆவுடையப்ப பிள்ளை கதவைத் தேடவே இல்லை; கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இறங்கியதும் பிள்ளையின் காதுபடவே மனைவியிடம் சொன்னார்: "பாத்தியாட்டீ? வாரவங்க கை வைக்கப்பிடாதுன்னு கைப்பிடியையே கழத்திப் போட்டிருக்காரு மனுசன். இவரை விட்டா நமக்கு வேற சம்பந்தியா?"

ஆவணியில் கல்யாணம். அது முடிந்த மறுநாள் ஹபீபுல்லா வந்தார்.

"இப்பமாவது சரி பண்ணிருவமா? அரை மணி நேர வேலை."

"வேணும்னே வைக்காததுவே அது" என்றார் பிள்ளை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே வச்சா, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, மரியாதையை எடுத்தாச்சும்பாரு சம்பந்தி."

ஆகவே ஓடுகிறார். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பேரன் காதுகுத்துக்கு என்று வருஷம் பத்தாகிறது. முழங்காலில் வலி வந்தும், தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுகிறார். சும்மா சொல்லக்கூடாது, வலது கதவின் பலகை இன்றுவரை அசையவில்லை. அருமையான வேலை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் நீங்களே பிரித்துப் பூட்டிய சுவர்க் கடிகாரத்தில் மிஞ்சிய இரண்டு திருகாணிகளை எங்கே வைத்தீர்கள்? "அது தேவையில்லாம வச்சது" என்றுதானே வீட்டில் சொன்னீர்கள்? நம்புகிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம். பிள்ளை காரை எடுக்கிறார். ஏறிக்கொள்ளுங்கள். இடது பக்கம்.