மூன்று தண்ணீரும் ஒரு கண்ணாடிக் கதவும்

திருகோணமலை
12.03.1981

அன்புள்ள மருமகன் லாபிர் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், உங்கள் மாமியின் வலது மணிக்கட்டைத் தவிர. குவைத்தில் உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

மெசின் விசயத்தில் பிழை என்னுடையது என்று நபீஸா உங்களுக்கு எழுதியிருப்பாள். என் மகள்தான், என்றாலும் என் பக்கத்தையும் வாசியுங்கள்.

துறைமுக வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் நாட்டுக்குப் போகிறார், அவர் பாவித்த உடுப்புத் தோய்க்கும் மெசின் விலைக்கு இருக்கிறது என்று அவருடைய சமையல்காரர் அபூதாஹிர் வந்து சொன்னார். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெசின். மாமி இனி உடுப்புப் பிழியக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். கலியாணம் முடித்து முப்பத்தெட்டு வருசத்தில் றுக்கியா என்னிடம் வாய் திறந்து கேட்ட சாமான் இது ஒன்றுதான். நானும் மறுக்கவில்லை, பார்த்து எடுப்போம் என்றேன். தொழுகிற உடுப்பை மூன்று தண்ணீரில் அலம்ப வேண்டும் என்பது நானே புத்தகம் வாசித்துத் தெளிந்த கொள்கை. ஆகவே வெள்ளிக்கிழமை காலை ஜும்ஆவுக்குக் கட்டும் என் சாரனை இஞ்சினியர் வீட்டுக்குக் கொண்டுபோய் மெசினுக்குள் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் கதிரையை இழுத்து இருந்து எண்ணினேன். அபூதாஹிருக்கு வாய் ஓயாது. அவருக்கு மறுமொழி சொல்லித் திரும்பித் திரும்பி, என் கணக்கில் இரண்டு தண்ணீர், அவர் கணக்கில் நாலு. "கதவைத் திறவும், மூண்டாவதை நானே ஊத்துறன்" என்றேன். "ஏலாது காக்கா, அது தானா நிண்டாத்தான் திறக்கும்." "நான் சொன்னா நிக்காதோ?" "உங்கட சொல்லு வீட்டுக்காரிக்கிட்டச் செல்லும், இதுக்கிட்டச் செல்லாது." பாங்கும் சொல்லியாச்சு, சாரன் உள்ளுக்குச் சுத்துது, நான் வெளியால இழுக்கிறன், கைப்பிடி கையோட வந்திட்டுது! கட்டியிருந்த கிழிசல் சாரனோடயே பள்ளியில கடைசி வரிசையில நிண்டனான். கைப்பிடி இல்லாத மெசின் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

மௌலவி ஸெய்னுதீனிடம் கேட்டதற்கு, அழுக்குப் போனால் ஒரு தண்ணீரே போதும், மூன்று சிறப்பு என்றார். இளம் ஆள். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அதற்குள் கலீலுர் றஹ்மான் என்று ஒருவர் மெசினை வாங்கி, அலுமாரிக் கைப்பிடி ஒன்றைப் பூட்டி, கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இப்போது சாரனின் ஒரு தலைப்பை மாமி இடது கையால் பிடிக்க, மற்றத் தலைப்பை நான் முறுக்குகிறேன். ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொன்னால் சண்டை பிடித்தாவது மனம் ஆறும். நேற்று அவட அந்தக் கையும் வலிச்சுத் தலைப்பை விட்டுட்டா. விட்டுப்போட்டு "மன்னிச்சுக்கொள்ளுங்க" எண்டு என்னட்டச் சொல்றா, மருமகன். என்னட்ட!

எப்படியும் மூன்று தண்ணீர் விசயத்தில் நான் சரி. அதில் மாற்றமில்லை.

வெயிலில் தொப்பியில்லாமல் திரிய வேண்டாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் தருவானாக.

இப்படிக்கு,
மாமா சரீப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வழக்கம்போல மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று தண்ணீர் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினவ, இன்னும் நிற்பாட்டவில்லை. "மூண்டோ? கிணறு வத்தின வருசத்தில இருந்து ஒண்டுதான். நீங்க கேட்டா ஓம், மூண்டு எண்டுவன்" என்கிறா. கிணறு வற்றியது நபீஸா பிறந்த வருசம். நாளைக்கு விடியக் கிண்ணியாவுக்குப் போய்க் கலீலுர் றஹ்மானைக் கெஞ்சிப் பார்க்கப் போகிறேன். பழைய கைப்பிடி என் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது.