கோழி தின்ற குடும்பம்

ஏழைக் குடும்பங்களை வறுமையிலிருந்து தூக்கிவிட அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறது. நான் ஒரே மதியத்தில், அரை மணி நேரத்துக்குள், பதினொரு குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறேன். (உடன் உழைத்தவர்கள்: நான்கு பெட்டைக் கோழிகள், ஒரு சேவல்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மாநில அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்திருந்தது. புளியஞ்சோலைப் பக்கம் எங்கள் ஊர். கொல்லிமலையைத் தினமும் சமையலறை ஜன்னலில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், ஆனால் மேலே போனதில்லை. அதனால் என்ன? ஆறு நாள் பயிற்சி முடித்திருந்தேன். ஆறு நாளில் வறுமையைப் பற்றி எல்லாமே தெரிந்துவிட்டது என்கிற நினைப்பு.

திட்டத்தின் அடிப்படை நல்ல அடிப்படைதான். ஊரில் யார் மிகவும் ஏழை என்று ஆபீசில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்யக் கூடாது. ஊரே கூடிச் சொல்ல வேண்டும். தரையில் ஊரின் படத்தை வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நிலைமைக்கு ஏற்ற வண்ணப் பொடி வைக்க வேண்டும். பட்டியலில் வரும் குடும்பத்துக்கு வீடு, ரேஷன் அட்டை, தொழிலுக்கு உதவி எல்லாம் கிடைக்கும். ஒரு குடும்பம்கூட விடுபடக் கூடாது என்று பயிற்சியில் எங்களைக் கை தூக்கி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

கொல்லிமலை மேலே திண்ணனூர் நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு சின்ன ஊர் எனக்கு ஒதுக்கப்பட்டது. மலைப்பாதையின் வளைவுகளில் காலைச் சாப்பாட்டை ஒவ்வொரு தவணையாக ஜன்னல் வழியே ஒப்படைத்துவிட்டு, சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நான் இறங்கினேன்; வண்ணப் பொடிப் பை இறங்கவில்லை. அது பஸ்ஸோடு போய்விட்டது.

வேறு யாராவது இருந்தால் கலங்கியிருப்பார்கள். நான் ஊர்க் கோயில் முன்னால் நின்று சொற்பொழிவே ஆற்றினேன். "வெளியிலிருந்து பொடி எதுக்குங்க? உங்க மண்ணுல வெளையறதை வெச்சே உங்க ஊரை வரைவோம்!" சாம்பலால் பாதைகளை வரைந்தோம். வசதியான வீட்டுக்குக் காப்பிக் கொட்டை, நடுத்தர வீட்டுக்கு மிளகு, மிகவும் ஏழை வீட்டுக்கு ஒரு கைப்பிடி சாமை.

ஊர்ப் பெரியவர் மெதுவாகச் சொன்னார். "ஏனுங்க மேடம், சாமையத் தரையில கொட்டுனா கோழி விடாதுங்களே."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்றேன். (நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.)

பத்து வீடுகளுக்குச் சாமை வைப்பதில் சண்டை வரவில்லை. பதினோராவது வீட்டுக்குத்தான் ஒன்றரை மணி நேரம் ஆனது. அது ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த சின்னப்பொண்ணு அக்காவின் குடிசை. (பேர்தான் சின்னப்பொண்ணு, வயது ஐம்பது இருக்கும்.) மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்து, புருஷன் இறந்த பிறகு ஒற்றை ஆளாக ஊருக்குத் திரும்பி வந்தவர். ரேஷன் அட்டை இல்லை. கூரை பாதிதான் இருந்தது. ஆனால் கோயில் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை வாங்கும் ஊர், அவரிடம் மட்டும் வாங்குவதில்லை.

"கீழ்நாட்டுக்குக் கட்டிப்போனவங்க, அது ஊருக் கணக்குல வராத ஊடுங்க" என்றார்கள்.

நான் வாதாடினேன், கெஞ்சினேன், உறுதிமொழியை ஒப்பித்தேன். கடைசியில் பெரியவரே குனிந்து ஓடைக்கு அப்பால் ஒரு கைப்பிடி சாமையை வைத்தார். சின்னப்பொண்ணு அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்று அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெயர்களைத் தாளில் எழுதிவைக்கும் வேலை பாக்கி இருந்தது. படம்தான் இருக்கிறதே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊரும் என் பின்னால் வந்தது.

திரும்பி வந்தபோது படத்தில் காப்பி இருந்தது, மிளகு இருந்தது. ஏழைகள் ஒருவர்கூட இல்லை. சேவல் மட்டும் ஓடைப் பக்கம் நின்று கடைசிக் குடும்பத்தை முடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, படத்தைச் சரிபார்க்க வரும் பெரிய அதிகாரியின் ஜீப் ஹார்ன் கீழே கேட்டது. பாய்ந்து போய்ச் சாமையை வாங்கி, நினைவிலிருந்து மளமளவென்று வைத்தேன். வியர்வை சாம்பலில் சொட்டியது. அதிகாரி வந்தார், எண்ணினார், "பத்து குடும்பம், சரியா?" என்றார். "சரிங்க சார்!" என்றேன். பட்டியல் எழுதினோம், ஊர் கையெழுத்துப் போட்டது, போட்டோ எடுத்தோம், ஜீப் கிளம்பியது.

சின்னப்பொண்ணு அக்கா என் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வழிகாட்ட வந்தார். பாதி வழியில் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"எனக்கு வெச்ச சாமை எதனாலங்க வேண்டாம்னு போச்சு?"

பத்து என்று சொன்ன என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்றேன், ஏதோ தப்பு அவர் மேல் இருப்பதுபோல.

"பெரிய ஆபீசருக்கு முன்னால சொன்னா உன்னைய வைவாங்கல்ல கண்ணு. மொத தடவ வந்திருக்கற புள்ள. எனக்கு என்ன, இல்லாமயே பழகிப்போச்சு."

மேடம் எப்போது கண்ணு ஆனேன் என்று கவனிக்கும் நிலையில் நான் இல்லை. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. "ஜீப்பைப் புடிக்கணும்க்கா!" என்றேன்.

"அது மூணு வளைவு சுத்திப் போவோணும். இப்படி நேரா எறங்குனா நாம முந்திக்கலாம்" என்று ஒரு சரிவைக் காட்டினார். அவர் என் பையோடு நடந்து இறங்கினார். நான் பெரும்பகுதி உட்கார்ந்தே இறங்கினேன். ஒரு செருப்பு மிளகுக் கொடியில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. தலையெல்லாம் சருகும் உடம்பெல்லாம் சேறுமாக நான் ரோட்டில் வந்து விழவும், டிரைவர் பிரேக்கை மிதித்து, "சார், காட்டுப்பன்னி!" என்று அலறினார்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "யாரும்மா நீ?" (அரை மணி முன்னால்தான் இவருக்கு மாலை போட்டிருந்தேன்.)

"சார், ஒரு குடும்பம் விட்டுப்போச்சு சார்."

"எப்படி விட்டுப்போகும்?"

"கோழி தின்னுருச்சு சார்."

அவர் தலையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினார். "குடும்பத்தையா?"

எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். நல்ல மனிதர், ஜீப்பைத் திருப்பச் சொன்னார். ஊர் மறுபடி கூடியது. "பதினொண்ணுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் யாரும் சொல்லலை?" என்று அதிகாரி பெரியவரைக் கேட்டார்.

"படிச்ச புள்ள ஒரு ஊட்டை எடுத்துருச்சுன்னா, அதுக்கு ஏதோ சட்டம் இருக்கும்னு நெனச்சமுங்க" என்றார் பெரியவர்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன். அதற்குக் கொஞ்சமும் குற்ற உணர்ச்சி இல்லை.

பதினோராவது பெயர் ஏறியது. திருத்தத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், உள்ளதை எழுதச் சொன்னார். "கோழி" என்று எழுதினேன். மாவட்டக் கூட்டத்தில் அதை ஒருவர் வாய்விட்டு வாசித்திருக்கிறார். அதோடு என் இயற்பெயர் ஆபீசில் வழக்கொழிந்தது. இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளே நான்தான். முதல் வகுப்பிலேயே, யார் பெயர் விட்டுப்போனாலும் சத்தம் போட்டுச் சொல்லும்படி ஊரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

சின்னப்பொண்ணு அக்காவுக்கு அடுத்த ஆண்டே வீடு வந்தது. அதற்கும் அடுத்த ஆண்டு என் கல்யாணத்துக்கு ஒரு பலாப்பழத்தோடு மலையிறங்கி வந்தார். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது போட்டோக்காரர், "நெருங்கின சொந்தம் எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்று கேட்டார். "வந்தாச்சு" என்றார் என் அப்பா. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான் ஒருத்தி இருக்கறனுங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி முன்னால் வாய் திறக்காத அந்த மனுஷி, மாப்பிள்ளை வீட்டாரை விலக்கிக்கொண்டு நேராக மேடையேறி வந்து, எனக்கும் என் மாமியாருக்கும் நடுவில் நின்றார். நான் அழுது, கண் மை கன்னம் வரை ஓடி, ஆல்பத்தின் முக்கியமான படத்தில் பேய் மாதிரி இருக்கிறேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டு எண்ணினால், எந்த மூலையிலிருந்தாவது ஒரு குரல் "நான் ஒருத்தி இருக்கறனுங்க!" என்று கத்தும். பெரும்பாலும் அது என் வீட்டுக்காரர்தான்.