பங்காளிக்கு ஒரு சுழல் நாற்காலி

வாசகரே, தேன்தடவி என்றோர் இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், கண்ணாடிக் கதவும் குளிர்ந்த அறையும் இருந்தால் தானாக முளைக்கும். கசப்பான எதற்கும் இனிப்பாக ஒரு பெயர் வைத்துவிட்டால் கசப்பு போய்விடும் என்பது அதன் நம்பிக்கை.

எனக்குத் தெரிந்த தேன்தடவி, செயலி வழியாகச் சாப்பாடு அனுப்பும் ஒரு கம்பெனியின் மேலாளர். 'தொழிலாளி' என்ற சொல் அவர் வாயில் வராது. வந்தால் விடுப்பு, காப்பீடு, வருங்கால வைப்பு நிதி என்று அதன் சொந்தபந்தமெல்லாம் பின்னாலேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும் அல்லவா? ஆகவே வண்டியோட்டிகள் எல்லோரும் 'பார்ட்னர்'. அதைத் தமிழில் போடச் சொன்னபோது அகராதியைப் புரட்டிப் 'பங்காளி' என்று போட்டார். பங்காளி என்றால் பாகம் கேட்டு வாசலில் நிற்பவன் என்று அந்தப் புண்ணியவானுக்கு யார் சொல்வது?

மழை கொட்டினால், 'பங்காளி, கலக்குங்க!' என்று செய்தி வரும். அப்படிக் கலக்கப் போன ஒருவர், நூடுல்ஸ் ஆறுவதற்குள் சேர்க்கப் பறந்து, சறுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டார். நூடுல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்குச் செய்தி வந்தது: 'பங்காளி, உங்களைக் காணாமல் தவிக்கிறோம்!' காலுக்குள் கம்பி வைக்காவிட்டால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கம்பெனியைக் கேட்டால், பங்காளிகளுக்குக் காப்பீடு கிடையாதாம்.

தொழிலாளர் துறை அதிகாரி விசாரணைக்காகக் கம்பெனிக்கு வந்த அன்று, கால் முறிந்தவரின் மனைவி கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, நாத்தனார், இரண்டு தலையணை, ஒரு குக்கர் சகிதம் வந்து இறங்கினார்.

"இவர் உங்ககிட்ட வேலை பாக்கறவரா?" என்று கேட்டார் அதிகாரி.

"சேச்சே! எங்க பங்காளி சார். கம்பெனியே இவங்களோடதுதான்!" என்றார் தேன்தடவி.

"கேட்டுக்கிட்டீங்கல்ல அண்ணி? அப்ப பாகம் பிரிச்சுடலாம்." நாத்தனார் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அறையை அளக்கத் தொடங்கினாள். "ஜன்னல் பக்கம் நமக்கு. ஏசி நடுவுல இருக்கு, பொதுவுல வச்சுக்கலாம்."

மனைவி தேன்தடவியின் சுழல் நாற்காலியைப் பிடித்தார். "எந்திரிங்க. அவருக்குக் கால் நீட்ட வசதியா இருக்கும்."

"என்னம்மா இது அநியாயம்?"

"பங்காளிக்குள்ள கோவிச்சுக்கலாமா, கொழுந்தனாரே?"

கொழுந்தனார்! அந்த ஒரு சொல்லில் மனிதர் உடைந்துபோனார்.

"யாருக்கு யாரு கொழுந்தன்? இந்தாளு எங்ககிட்ட கூலிக்கு வேலை பாக்கறவன்! போன்னா போகணும், வான்னா வரணும். தொழிலாளி!"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

கம்பெனி செலவிலேயே காலில் கம்பி ஏறியது. தேன்தடவி திருந்தினாரா? மறுநாளே 'பங்காளி'யை அழித்துவிட்டுக் 'குடும்ப உறுப்பினர்' என்று மாற்றினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறாளே ஒருத்தி, "அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறீர்களே, காய்ச்சலில் அவள் படுத்திருந்த நாட்களுக்கு உங்கள் வீட்டுப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்தது யார்?