டவுட்டு பாயும் வெட்டாத தொப்புள்கொடியும்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே யாரையும் எதையும் நம்பாமல் அறுபது வயது வரை ஆரோக்கியமாக வாழ்ந்துகாட்டிய ஒரே மனிதர் டவுட்டு பாய்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் இருக்கிறது. அதைச் சரியாகத்தான் அடித்திருப்பார்களா என்பதிலும் அவருக்குச் சந்தேகம்.

பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் சோதிக்கிற எழுத்தட்டையில் கடைசி வரி தெரியவில்லை என்று யாராவது சொன்னால், "தெர்லியா, தெரியாத மாரி நடிக்கிறியா?" என்பார். கடகடவென்று படித்துவிட்டாலோ, "மனப்பாடம் பண்ணிகினு வந்துட்ட" என்று அட்டையைத் தலைகீழாக மாட்டுவார். கல்யாண வீட்டில் பிரியாணி நன்றாக இருந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். என் காதருகே வந்து, "இவ்ளோ ருசியா ஏன் சார் போடறான்? மாப்ள சைடுல இன்னாவோ கோளாறு கீது" என்பார்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். அவருடைய ஒரே மகள் ரஹ்மத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கடல் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று என் பழைய காரில் எல்லோரும் மாமல்லபுரம் போனோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தா, இடுப்பு வலிக்குது."

பாய் என்னை முறைத்தார். "இன்னா சார், வண்டிய பள்ளத்துல வுட்டியா?"

பாயின் மனைவி மும்தாஜ் அக்கா மட்டும் மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "பேசிகினு நிக்காதீங்க. இது பிரசவ வலிதான்" என்று எழுந்துவிட்டார்.

வண்டியைக் கிளப்பினேன். பின்சீட்டில் ரஹ்மத் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் பாய். "இன்னாத்துக்கு சார் திருக்கழுக்குன்றம் வழியா போற?" என்றார்.

"செங்கல்பட்டுக்கு அதான பாய் வழி?"

"யார் சொன்னா?"

பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் போய்வருகிற மனிதர்! கேட்டுவிட்டு, வழியெல்லாம் பின்சீட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மும்தாஜ் அக்காவை மகளுக்குத் துணையாக உள்ளே விட்டார்கள். நாங்கள் வெளியே நின்றோம். பாய் செக்யூரிட்டியைச் சந்தேகித்தார், ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைச் சந்தேகித்தார், சும்மா கொட்டாவி விட்ட ஒருவரிடம் போய், "இன்னா, உள்ள எதனா சொன்னாங்களா?" என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டது. அக்கா வெளியே வந்தார்.

"பொண்ணு. உள்ளங்கைல அடங்கிடும் போல கீது. அழுதுச்சி. ஆனா ஒண்ணுங்க, பொறந்ததும் கொடிய வெட்டல. துணியால மூடி, அப்டியே வுட்டு வெச்சிகினு எல்லாம் பாத்துகினு நின்னாங்க. அப்பறந்தான் வெட்டுனாங்க."

அவ்வளவுதான். பாய் நிமிர்ந்தார். வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு தகவலுக்காகவே காத்திருந்தவர்போல் இருந்தது அவர் நின்ற நிலை.

"பாத்தியா சார்? ரத்தம் புடிச்சிக்கிறானுங்க."

"யாரு பாய்?"

"தொப்புள்கொடி ரத்தத்துக்கு தனியா பேங்க் கீதாம். நானே வெளம்பரம் பாத்தேன். பேங்க்ல போடறாங்க, சரி. யார் அக்கவுண்ட்ல போடறாங்க?"

கேட்ட கையோடு பாய் கதவைத் தட்டிவிட்டார். எட்டிப் பார்த்த நர்ஸம்மாவிடம், "பெரிய டாக்டர கூப்புடு! கொறமாச கொழந்தைய போட்டுட்டு இன்னா வேடிக்க பாத்துகினு இருந்தீங்க?" என்று கத்தினார். காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் போனில் வீடியோவே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். கோபப்படவில்லை.

"பாய், குழந்தை பிறந்த உடனே பாதி ரத்தம் இன்னும் அந்தப் பக்கம் நஞ்சுக்கொடியிலயும் தொப்புள்கொடியிலயும்தான் இருக்கு. அது குழந்தையோட ரத்தம்தான். குறைமாசக் குழந்தைக்கு ஒவ்வொரு சொட்டும் முக்கியம். அதான் அது உள்ள போகட்டும்னு கொஞ்சம் பொறுத்து வெட்டினோம். வேடிக்கை பாக்கல."

"எங்க காலத்துல ஒடனே வெட்டுனாங்களே?"

"வெட்டினாங்க. இப்ப பொறுத்தா நல்லதுன்னு தெரிஞ்சிருக்கு. உங்க பேத்தி அழுதா, மூச்சு விட்டா, அதனால பொறுத்தோம். மூச்சு விடாம இருந்திருந்தா உடனே வெட்டித் தூக்கிட்டு ஓடியிருப்போம்."

பாய் யோசித்தார். தாடியைத் தடவினார். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"அப்பறம் ஏன் வெட்டுனீங்க?" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா இன்னா? மீதி ரத்தம் எங்க போச்சி?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்க நினைக்கிற அளவு மீதி இல்ல பாய். அதுக்கு மேல வெச்சிருந்தா குழந்தைக்குக் குளிரெடுக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிழைக்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பாய் கடையைப் பூட்டிவிட்டு அந்த வார்டு வாசலே கதியென்று கிடந்தார். குழந்தையை மாற்றிவிடுவார்கள் என்று உள்ளே போகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். டீ குடித்துவிட்டு வரலாம் என்று நான் கூப்பிட்டால், என்னவோ நானும் அந்தக் கும்பலில் ஒருவன் என்பதுபோல் பார்த்தார்.

"வுடுங்க சார்" என்று மும்தாஜ் அக்காதான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "ரஹ்மத்துக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பையன். இதே மாரி மாசம் ஆவறதுக்கு முன்னாடியே பொறந்தான். எல்லாம் நல்லா கீது, நீ போய் டீ சாப்ட்டு வாயான்னு சொன்னாங்க. நம்பி போனாரு. திரும்பி வந்து பாத்தா புள்ள உசுரோட இல்ல. அதுக்கு முன்னாடி இவரு எவன் இன்னா சொன்னாலும் நம்பிடுவாரு சார். அவ்ளோ வெள்ளந்தி."

அன்று நானும் டீக்கடைக்குப் போகவில்லை. மறுபடி போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

சில வாரம் போனது. ஒருநாள் காலை அதே டாக்டரம்மா வெளியே வந்து, "பேத்தி எடை ஏறியிருக்கா பாய். இதுவரைக்கும் ரத்தம் ஏத்த வேண்டிய அவசியமே வரல. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். பாய் வாயைத் திறந்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நானும் டாக்டரம்மாவும் தயாராக நின்றோம். ஆனால் அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி மாற்ற எந்த வீட்டுக் கர்ப்பிணி வந்தாலும் எழுத்தட்டையை விட்டுவிட்டு, "கொடிய ஒடனே வெட்டிடுவாங்களா, பொறுத்து வெட்டுவாங்களா? டாக்டராண்ட கேட்டியா? கேக்கலியா? மொதல்ல போய் கேளு" என்று விரட்டுவார். வியாபாரம் நடந்ததோ இல்லையோ, பஜாரில் அந்த விஷயம் தெரியாத மாமியார் கிடையாது.

நான் இப்போது சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வீடு மாறிவிட்டேன். எப்போதாவது பாய் போன் செய்வார். "எப்டி கீற சார்?" என்பார். "நல்லா இருக்கேன் பாய்" என்பேன். மற்றவர்கள் எல்லாரும் அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாய் மட்டும் போக மாட்டார். "கொரலு அப்டி சொல்லலியே" என்பார்.

அவரிடம் மட்டும்தான் நான் உண்மையைச் சொல்கிறேன்.