எட்டாவது நாற்காலி

நெட்டை உறுப்பினர் தன் பையைக் காலி நாற்காலியில் வைத்தார்.

"அதுல வைக்காதீங்க," என்றார் குழுத் தலைவி.

"யாராவது வர்றாங்களா?"

"இனிமேல் பிறக்கப்போறவங்க."

நெட்டையர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டார்.

தலைவி சட்டமன்றத்துக்கு முதல்முறை வந்தவர். ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியைச் சுற்றி இனி ஆழ்துளைக் கிணறு தோண்டக் கூடாது என்று சட்டம் கொண்டுவரலாமா என்று பார்க்க, அவரோடு சேர்த்து ஏழு பேரைக் குழுவாகப் போட்டிருந்தார்கள். இப்படியே உறிஞ்சினால் முப்பது வருடத்தில் ஏரி விளையாட்டுத் திடலாகிவிடும். ஆனால் அப்போது தாகத்தோடு வந்து நிற்கப்போகிறவர்களுக்கு இன்று ஓட்டு இல்லை. அதனால் அவர்களைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. அவர்கள் ஞாபகம் இருக்கட்டும் என்றுதான் மேசையோரம் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுவைத்தார் தலைவி. நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளுக்கு வரும் கதி அதற்கும் வந்தது.

இரண்டாவது மாதக் கூட்டத்தில் நெட்டையர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் மின்விசிறிக் காற்று வருகிறதாம். அவரை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது கூட்டத்துக்கு, 'இனிமேல் பிறக்கப்போகிறவர்கள்' என்று ஒரு பெயர்ப்பலகை செய்து நாற்காலிக்கு முன் வைத்தார் தலைவி.

பலகையைப் பார்த்ததும் குழுவின் குமாஸ்தாவுக்குக் கை அரித்தது.

"பலகை இருந்தா பதிவேட்டுல பேர் இருக்கணும்மா. விதி."

எழுதிவிட்டார். எட்டாவது பெயர். எதிரே, 'வரவில்லை'.

பெயர் ஏறியதும் தேநீரும் ஏறியது. ஏழு கோப்பை எட்டாயிற்று. ஆறிப்போன எட்டாவதை நெட்டையர் குடித்தார். தட்டு கனத்ததாலோ என்னவோ, தேநீர் கொண்டுவரும் பெண் மாதத்துக்கு மாதம் தாமதமாக வந்தாள். கோப்பைகள் காலியாகும்வரை சுவரில் சாய்ந்து நிற்பாள்.

"கொஞ்சம் வேகமா நடந்தா என்ன?" என்பார் குமாஸ்தா, பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல்.

தலைவி மட்டும் தவறாமல் நன்றி சொல்வார், கோப்பையைப் பார்த்து.

ஏழாவது கூட்டத்தில் ஓட்டெடுப்பு. வீடு வீடாக நடையாய் நடந்து மூன்று பேரைத் தன் பக்கம் இழுத்திருந்தார் தலைவி. ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. அவர் மூச்சு விட்டார்.

குமாஸ்தா விடவில்லை. "ஏழு பேர்னா நாலு போதும்மா. பதிவேட்டுல எட்டுப் பேர். அஞ்சு வேணும்."

"எட்டாவதா ஆளே கிடையாதே?"

"இருக்காங்க. வரலை. வந்து ஓட்டுப் போடற வரைக்கும் ஒத்திவைக்கலாம்."

"எப்ப வருவாங்க?"

"முப்பது வருஷம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

நெட்டையர் எட்டாவது கோப்பையை நோக்கிக் கை நீட்டினார். "அவங்க தண்ணி, அவங்களே வந்து முடிவு பண்ணட்டும். நாம ஏன் அவசரப்படணும்?"

தலைவி பெயர்ப்பலகையைப் பார்த்தார். அவர்களுக்காகப் போட்ட நாற்காலியே அவர்களுடைய ஏரியைக் குடித்துவிட்டது. போட்டது அவர் கைதான்.

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. தேநீர்ப் பெண் அதில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"எழுந்திரும்மா," என்று பதறினார் குமாஸ்தா. "அது யார் இடம்னு பலகையில எழுதியிருக்குல்ல?"

அவள் எழவில்லை. நிறைந்து நின்ற வயிற்றின்மேல் கை வைத்தாள். ஏழு பேரும் முதல்முறையாக அவளைப் பார்த்தார்கள்.

"படிச்சேன் சார். ஒரு கூட்டம் விடாம இதுவும் என்கூட வந்துட்டுதான் இருக்கு. நீங்கதான் வரலைன்னே எழுதிட்டிருக்கீங்க."